சின்ன பி, பெரிய பி: வன்னியில் இணைய வேகத்தைச் சரியாக அளப்பது

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ கொம்பியூட்டர் திருத்தும் கடை எதிலாவது அரை நாள் இருந்து பாருங்கள். இந்தக் கதை காதில் விழாமல் போகாது.

"அண்ணை, 100 எம்பி கனெக்‌ஷன் எண்டு சொல்லித்தான் பூட்டினவங்கள். டவுன்லோட் போட்டால் 11க்கு மேல ஏறுதே இல்லை. பத்தில ஒரு பங்குதான் வருது."

"தம்பி, அந்த 11க்குப் பக்கத்தில என்ன போட்டிருக்கு?"

"எம்பி எண்டுதான் போட்டிருக்கு."

"பி சின்னனோ, பெரிசோ?"

சின்ன எழுத்தில் பி (b) போட்டிருந்தால் அது பிட். பெரிய எழுத்தில் (B) போட்டிருந்தால் பைட். 8 பிட் சேர்ந்தது 1 பைட். இணைப்பு விற்கிற கம்பனி சொல்வது செக்கனுக்கு எத்தனை மெகாபிட் என்று; அதைத்தான் எம்பிபிஎஸ் என்கிறோம். டவுன்லோட் ஓடும்போது கொம்பியூட்டர் காட்டுவது பெரும்பாலும் செக்கனுக்கு எத்தனை மெகாபைட் என்று. 100ஐ 8ஆல் பிரித்தால் 12.5. அதில் வழிச்செலவாகக் கொஞ்சம் போக மிஞ்சுவது 11 சொச்சம். தம்பியின் இணைப்பு முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் முறைப்பாடு செய்யவும் தேவையில்லை, புது ரவுட்டர் வாங்கவும் தேவையில்லை.

இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால் இங்கே வீணாகும் காசு கொஞ்சநஞ்சமல்ல. வேகம் போதும் என்ற இடத்தில் ஆட்கள் பெரிய பக்கேஜுக்கு மாறுகிறார்கள். உண்மையில் பழுதுள்ள இடத்தில் "இங்க இப்பிடித்தான் வரும்" என்று பொறுத்துப் போகிறார்கள். வன்னிக்கு வரும் இணைப்பு கொழும்பை விடக் குறைவாகத்தான் இருக்கும் என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டால், ஒரு வயர் அறுந்திருப்பதைக்கூட யாரும் தேடிப் பார்க்கமாட்டார்கள்.

ஏன் இரண்டு அலகு என்று கேட்பீர்கள். வயரிலோ காற்றிலோ தரவு போவது பிட் பிட்டாக. ஆகவே தொலைத்தொடர்புக்காரர் தொடக்கத்திலிருந்தே பிட்டில்தான் எண்ணினார்கள். பிட் என்ற பெயர் 1948இல் கிளாட் ஷானனின் ஆய்வுக் கட்டுரையில் அச்சேறியது. அதை முன்மொழிந்தவர் ஜோன் டூக்கி என்று ஷானனே எழுதியிருக்கிறார். பைட் என்பது 1956இல் ஐபிஎம் நிறுவனத்தில் வெர்னர் புஹோல்ஸ் வைத்த பெயர். நினைவகத்தில் ஒரு எழுத்தை வைக்கத் தேவையான பிட் கூட்டத்தைக் குறிக்கத்தான் அது பிறந்தது. 8 பிட் என்ற அளவு வழக்கில் நிலைத்தது 1964இல் ஐபிஎம் சிஸ்டம் 360 வந்த பிறகு. சேமித்து வைப்பவருக்கு பைட், அனுப்புபவருக்கு பிட் என்று இரண்டு தொழில்களின் கணக்கு இன்றைக்கும் ஒரே திரையில் வந்து முட்டிக்கொள்கிறது. பழைய டயல் அப் மோடத்தில் 56 கே என்று எழுதியிருந்ததும் கிலோபிட்தான். அதன் உச்சமே செக்கனுக்கு 7 கிலோபைட். அதற்குப் பிறகு வந்த 3ஜி டொங்கிளில் 7.2 எம்பிபிஎஸ் என்று அச்சடித்திருந்தது. உச்சம் செக்கனுக்கு 0.9 மெகாபைட்.

அளவு வேறு, வேகம் வேறு என்பதை வன்னியில் யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. இரணைமடுக் குளத்தில் எத்தனை ஏக்கர் அடி தண்ணீர் நிற்கிறது என்பது ஒரு கணக்கு. வாய்க்காலில் எத்தனை கியூசெக் திறந்து விட்டிருக்கிறார்கள் என்பது இன்னொரு கணக்கு. 1 கியூசெக் ஒரு நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட 2 ஏக்கர் அடி. அதே மாதிரி 1 எம்பிபிஎஸ் ஒரு நாள் முழுக்க ஓடினால் 10.8 ஜிபி. உங்கள் பக்கேஜில் உள்ள ஜிபி குளத்துத் தண்ணீர், எம்பிபிஎஸ் வாய்க்கால்.

ஒரு நாளை விட ஒரு மணித்தியாலக் கணக்குத்தான் கூடப் பயன்படும். எம்பிபிஎஸ் எண்ணை 0.45ஆல் பெருக்குங்கள், மணித்தியாலத்துக்கு எத்தனை ஜிபி போகும் என்பது வந்துவிடும். செக்கனுக்கு 1 மெகாபிட் என்றால் 3600 செக்கனில் 3600 மெகாபிட், அதை 8ஆல் பிரித்தால் 450 மெகாபைட், அவ்வளவுதான் சூத்திரம். 4 எம்பிபிஎஸ் வீடியோ மணிக்கு 1.8 ஜிபி தின்னும். 20 எம்பிபிஎஸ் இணைப்பை முழுதாக இழுத்தால் மணிக்கு 9 ஜிபி. 40 ஜிபி பக்கேஜ் ஒன்று அந்த வேகத்தில் நாலரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். "நேற்றுத்தான் ரீலோட் போட்டனான், டேட்டாவைக் களவெடுக்கிறாங்கள்" என்று சண்டைக்குப் போகுமுன், வீட்டில் எந்தப் போன் பின்னணியில் அப்டேட் இறக்குகிறது, எந்தப் போன் கலரியை கிளவுட்டுக்கு ஏற்றுகிறது என்று பாருங்கள்.

டேட்டா முடிந்த பிறகு சில பக்கேஜ்களில் வேகத்தை 64 கேபிபிஎஸ் ஆக்கி விடுவார்கள். இதுவும் கிலோபிட். 8ஆல் பிரித்தால் செக்கனுக்கு 8 கிலோபைட். 3 மெகாபைட் படம் ஒன்று வர 375 செக்கன், அதாவது 6 நிமிடத்துக்கு மேல். ஆனால் அந்த வேகத்தையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். பழைய தொலைபேசி வலையமைப்பில் ஒரு அழைப்புக்கு ஒதுக்கியது அதே 64 கேபிபிஎஸ்தான்: செக்கனுக்கு 8000 தடவை குரலை அளந்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டில் எழுதுவார்கள். இன்றைய குரல் சுருக்கும் முறைகளுக்கு அதில் நாலில் ஒரு பங்கே போதும். 16 கேபிபிஎஸ்ஸில் பதிந்த ஒரு நிமிட வொய்ஸ் மெசேஜ் 120 கிலோபைட். 15 செக்கனில் போய்ச் சேரும். படம் போகாவிட்டாலும் குரல் போகும். டேட்டா முடிந்த வீட்டிலிருந்து அவசரத்துக்கு ஒரு செய்தி சொல்ல இது தெரிந்திருக்க வேண்டும்.

1024 விவகாரத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். வலையமைப்பில் கிலோ என்றால் 1000, மெகா என்றால் 10 லட்சம். அதில் மாற்றமே இல்லை. மெமரி கார்ட், ஹார்ட் டிஸ்க் செய்பவர்களும் 1000 கணக்கில்தான் விற்கிறார்கள். விண்டோஸ் மட்டும் 1024 கணக்கில் எண்ணிவிட்டு அதே கேபி, எம்பி, ஜிபி பெயர்களைப் போடுகிறது. இந்த இரட்டைக் கணக்குக்காகவே 1998இல் கிபி (kibi), மெபி (mebi), கிபி (gibi) என்று புதுப் பெயர்கள் கொண்டுவந்தார்கள். கிலோவுக்கும் கிகாவுக்கும் தமிழில் எழுதினால் ஒரே எழுத்து வந்து குழப்பும். எங்கள் கடைகளில் அந்தப் பெயர்களை யாரும் சொல்வதும் இல்லை. தெரிய வேண்டியது வித்தியாசத்தின் அளவு: கிலோவில் 2.4 வீதம், மெகாவில் 4.9 வீதம், கிகாவில் 7.4 வீதம், டெராவில் 10 வீதத்தைத் தொடும். அதனால்தான் 64 ஜிபி கார்ட் விண்டோஸில் 59.6 என்றும், 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றும் தெரிகிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. மக் கொம்பியூட்டர்கள் 2009 முதல் 1000 கணக்குக்கு மாறிவிட்டன; அதே டிஸ்க்கை அதில் செருகினால் 1 டிபி என்றே காட்டும்.

94இல் நின்றுவிடும் இணைப்பு

இனி வயர். இந்த இடத்தில் எண்ணை ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தால் பழுதைப் பாதி கண்டுபிடித்த மாதிரி.

100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் போர்ட்டில், அதாவது நெட்வேர்க் கேபிள் செருகும் துளையில், ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 94, 95க்கு மேல் ஒருபோதும் வராது. காரணம் கணக்கில் இருக்கிறது. தரவு போவது பொதி பொதியாக, அதாவது துண்டு துண்டாக. ஒரு பொதியில் 1500 பைட் ஏற்றலாம். அதில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் ஐபி தலைப்புக்கு 20, துண்டுகளின் வரிசையைச் சொல்லும் டிசிபி தலைப்புக்கு 20 போக உங்கள் தரவுக்கு 1460. வயரில் அந்தப் பொதிக்கு வெளியே இன்னும் 38 பைட் போகிறது: முன்னறிவிப்பு 8, முகவரித் தலைப்பு 14, பிழை பார்க்கும் பகுதி 4, அடுத்த பொதிக்கு முன் விடும் இடைவெளி 12. ஆக 1538 பைட் போனால்தான் 1460 பைட் உங்களுக்கு வரும். 94.9 வீதம். அதை 8ஆல் பிரித்தால் செக்கனுக்கு 11.9 மெகாபைட், விண்டோஸின் 1024 கணக்கில் 11.3. தொடக்கத்தில் வந்த தம்பியின் 11 இதுதான்.

இப்போது ஒருவர் 300 எம்பிபிஎஸ் பைபர் இணைப்பு எடுத்திருக்கிறார், எத்தனை தரம் சோதித்தாலும் 94 என்றே நிற்கிறது என்று வையுங்கள். கம்பனிக்கு அழைக்க வேண்டாம். ரவுட்டருக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவில் எங்கோ ஒரு இடம் 100இல் ஒட்டியிருக்கிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வேர்க், ஈதர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீட் என்ற வரி இருக்கும். அதில் 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 இருக்கிறதா பாருங்கள்.

இருந்தால் சந்தேகம் மூன்று. முதலாவது ரவுட்டர். பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கும் மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் பின்பக்கப் போர்ட் எல்லாமே 100தான். 300 என்பது வைபைக்கு மட்டும் சொன்ன எண். வயரில் 100 மட்டுமே வந்து ஏறும் ரவுட்டர் அதை எங்கிருந்து தரும்? இரண்டாவது கொம்பியூட்டரின் லேன் போர்ட். பழைய லப்டொப்களில் 100 போர்ட் சாதாரணம். மூன்றாவதுதான் இங்கே அடிக்கடி நடப்பது: கேபிள்.

நெட்வேர்க் கேபிளுக்குள் 4 சோடி வயர். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 2 சோடி போதும். 1, 2, 3, 6 ஆகிய ஊசிகள் மட்டும் வேலை செய்யும். 1000க்கு 4 சோடியும் வேண்டும். நீலச் சோடியிலோ கபிலச் சோடியிலோ ஒரு வயர் அறுந்தாலும் இணைப்பு சாகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இணையம் வேலை செய்துகொண்டே இருப்பதால் யாருக்கும் தெரியவும் வராது. கூரைக்குள் ஓடும் கேபிளை எலி கொறிப்பது, வெளிச்சுவரில் வெயில் பட்டு உறை வெடிப்பது, குரங்கு பிடித்துத் தொங்குவது, ஒக்டோபர், நவம்பர் இடி மின்னலில் போர்ட்டின் ஒரு பகுதி எரிவது எல்லாம் எங்கள் பக்கத்து வழமைகள்.

கேபிள் நுனியில் உள்ள ஹெட்டை மாற்றும்போது வயர் வரிசை இது: செம்மஞ்சள் கோடு போட்ட வெள்ளை, செம்மஞ்சள், பச்சைக் கோடு வெள்ளை, நீலம், நீலக் கோடு வெள்ளை, பச்சை, கபிலக் கோடு வெள்ளை, கபிலம். வெளியுறையை 3 சென்ரிமீற்றர் அளவு உரித்து, வயர்களை நேராக்கி வரிசையில் பிடித்து, நுனியை 13 மில்லிமீற்றர் விட்டு ஒரே வெட்டாக வெட்டுங்கள். முறுக்கு அவிழ்ந்த பகுதி அதை விட நீளமாக இருந்தால் ஒரு சோடியின் சமிக்ஞை மற்றதில் கலக்கும். ஹெட்டுக்குள் தள்ளியதும் முன் பக்கக் கண்ணாடியில் 8 செம்பு நுனியும் தெரிய வேண்டும். வெளியுறையும் ஹெட்டுக்குள் போய்ப் பிடிபட வேண்டும். உறை வெளியே நின்றால் முதல் இழுப்பிலேயே வயர் கழன்றுவிடும். பிறகு டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்கு வரிசையாக எரிகிறதா பாருங்கள்.

கேபிள் வாங்கும்போது ஒரு வயரின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்ப்பது நல்லது. உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். மலிவு. ஆனால் மடிக்கும் இடத்தில் முறியும், தூரம் கூடினால் நலியும். முழுச் செம்புக்குக் கொடுக்கும் மேலதிகக் காசு வீண் போகாது. எந்தக் கேபிளானாலும் 100 மீற்றரே எல்லை. கடையிலிருந்து பின் வளவில் உள்ள வீட்டுக்கு இழுப்பவர்கள் இதைத் தாண்டிவிட்டுத் தவிப்பதுண்டு. நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தால் மறுபடி 100 மீற்றர் கிடைக்கும்.

பைபர் பற்றியும் ஒரு வார்த்தை. வீடுகளுக்கு வரும் ஜிபொன் முறையில் ஒரு இழையில் இறங்கும் மொத்தம் 2.488 ஜிபிபிஎஸ், ஏறுவது 1.244. அதை 32 வீட்டுக்குப் பிரித்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் முழுதாக இழுக்கும்போது ஆளுக்குக் கிட்டத்தட்ட 78 எம்பிபிஎஸ். எல்லோரும் ஒரே செக்கனில் இழுப்பது அரிது என்பதால்தான் 100, 300 என்று விற்க முடிகிறது. இரவு 9 மணிக்கு மட்டும் வேகம் இறங்கி விடிய 6 மணிக்குச் சரியாக இருந்தால், உங்கள் வீட்டு வயரைக் குற்றம் சொல்லாதீர்கள்.

வைபை, 4ஜி, வற்றாப்பளை

வைபையில் போன் காட்டும் லிங்க் ஸ்பீட் எண்ணை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒற்றை அன்ரனா உள்ள போன் சாதாரணமாக 72 எம்பிபிஎஸ் என்று காட்டும். கையில் வருவது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஒரே அலைவரிசையில் ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுத்திருக்க வேண்டும், ஒவ்வொரு பொதிக்கும் கிடைத்தது என்று பதில் போக வேண்டும். நேரம் அங்கே போகிறது. இணைப்பின் வேகத்தை வைபையில் சோதித்துவிட்டுக் கம்பனியோடு வாதாடினால் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

ஏ9 வீதியை விட்டு மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே போனால் வீடுகளில் பெரும்பாலும் 4ஜி ரவுட்டர்தான். இதில் பார்க்க வேண்டிய எண்கள் வேறு. போனின் சிக்னல் கம்பிகளை விட்டுவிட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு இருக்கும். முதலாவது டவரின் சமிக்ஞை எவ்வளவு பலமாக வருகிறது என்பது. மைனஸ் 80 அளவில் இருந்தால் நல்லது, மைனஸ் 100 மெலிவு, மைனஸ் 110க்குக் கீழே போனால் கஷ்டம். இரண்டாவது அந்தச் சமிக்ஞை இரைச்சலை விட எவ்வளவு தெளிவு என்பது. 20க்கு மேல் அருமை, 0க்குக் கீழே போனால் வேகம் படுத்துவிடும். முதல் எண் நன்றாக இருந்து இரண்டாவது மோசமென்றால், இரண்டு டவர் ஒன்றையொன்று குழப்புகிறது என்று எடுங்கள். ரவுட்டரை வீட்டின் மற்றப் பக்கத்து யன்னலுக்கு மாற்றினாலே சில நேரம் சரிவரும்.

வெளி அன்ரனா பூட்டுபவர்கள் செய்யும் பெரிய தவறு கேபிளில். மெல்லிய கோஅக்சியல் கேபிளை 10 மீற்றர் இழுத்தால் 1800 மெகாஹேர்ட்ஸில் 7, 8 டெசிபல் அதிலேயே கரைந்துவிடும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பலம் பாதியாகும். அன்ரனா தரும் 9, 10 டெசிபலில் மிஞ்சுவது என்ன? ரவுட்டரையே மழை படாத பெட்டியில் போட்டு, அன்ரனாவுக்குக் கிட்ட மேலே ஏற்றி, அங்கிருந்து கீழே நெட்வேர்க் கேபிள் இறக்குங்கள். தகரக் கூரையின் கீழ் ரவுட்டரை வைத்திருந்தவருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே பெரிய வித்தியாசம் தெரியும்.

இனி எல்லோரும் கேட்கும் விசயம், கோயில் நேரலை. வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல், ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழா என்று வந்தால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் உள்ள சனம் போனைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். முதல் நாள் பின்னேரம் போய்ச் சோதித்தபோது அப்லோட் 15 எம்பிபிஎஸ் இருந்தது, பொங்கல் இரவு படம் உறைந்து நின்றது. ஏன்?

4ஜி டவரின் ஒரு பக்கத்தில் 20 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை ஒன்று ஓடுகிறது என்றால், சாதாரண இரண்டு அன்ரனா அமைப்பில் இறங்கு வேகத்தின் மொத்த உச்சம் 150 எம்பிபிஎஸ், ஏறு வேகத்தின் உச்சம் 50. இது ஒரு போனுக்குரியதல்ல, அந்தப் பக்கத்தில் நிற்கும் எல்லோருக்குமான மொத்தம். 300 பேர் ஒரே நேரத்தில் படம் எடுத்து ஏற்றினால் 50ஐ 300ஆல் பிரியுங்கள்: ஆளுக்கு 167 கேபிபிஎஸ். முழு எச்டி நேரலைக்கு 4 முதல் 6 எம்பிபிஎஸ் ஏற வேண்டும். நந்திக்கடல் பக்கமாக நிற்கும் சனக்கூட்டத்துக்கு 300 என்பது மிகக் குறைந்த எண்ணிக்கை.

ஆகவே நேரலைக்குப் போகிறவர் டவுன்லோட் எண்ணைப் பார்க்கவே வேண்டாம். அப்லோட் மட்டும் பாருங்கள், அதையும் சனம் கூடிய நேரத்தில் பாருங்கள். அப்போது கிடைக்கும் மிகக் குறைந்த எண்ணின் பாதியை வீடியோ பிட்ரேட்டாக, அதாவது வீடியோ செக்கனுக்கு எடுக்கும் பிட் அளவாக, வையுங்கள். 3 எம்பிபிஎஸ் கிடைத்தால் 1.5 வைத்து 720பி அல்லது அதற்கும் கீழே இறங்குங்கள். படம் கொஞ்சம் மங்கலாகத் தொடர்ந்து போவது, தெளிவாகத் தொடங்கித் தீபாராதனை நேரத்தில் நிற்பதை விட எவ்வளவோ மேல். ஒலிக்கு 128 கேபிபிஎஸ்ஸைத் தொடாதீர்கள். பறையும் பாட்டும் கேட்டால் படம் தடுமாறினாலும் சனம் விட்டுப் போகாது. பிட்ரேட்டை மாறாத வீதத்தில் வைத்து, கீபிரேம் (முழுப் படமாகவே அனுப்பும் பிரேம்) இடைவெளியை 2 செக்கனாக்குங்கள். இரண்டு வேறு கம்பனிகளின் சிம் கையில் இருக்கட்டும், ஏனென்றால் சனம் எல்லாக் கம்பனி டவரிலும் ஒரே அளவில் ஏறாது. கோயிலுக்குக் கிட்ட பைபர் உள்ள வீடோ கடையோ இருந்தால் அவர்களிடம் கேட்டு 100 மீற்றருக்குள் கேபிள் இழுப்பதே மிகச் சிறந்த வழி. 1.5 எம்பிபிஎஸ்ஸில் 3 மணித்தியால நேரலைக்கு 2 ஜிபி சொச்சம் போகும். 4இல் போட்டால் 5.4 ஜிபி. டேட்டா மீதியை முதலே பாருங்கள்.

வேகம் இருந்தும் சூம் வகுப்பில் குரல் வெட்டுகிறது என்றால் பார்க்க வேண்டியது எம்பிபிஎஸ்ஸை அல்ல, செய்தி போய்த் திரும்பி வர எடுக்கும் நேரமான, மில்லிசெக்கனில் வரும் பிங்கை. செய்மதி இணையத்தை எடுங்கள்: உயரத்தில் சுற்றும் செய்மதிகள் 35,786 கிலோமீற்றரில் நிற்கின்றன. கேள்வி ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்கி வர ஒளிக்கே கிட்டத்தட்ட அரை செக்கன் போய்விடும், எத்தனை எம்பிபிஎஸ் வாங்கினாலும் அது குறையாது. 2025இல் இலங்கையில் தொடங்கிய ஸ்டார்லிங்க் போன்றவை சுமார் 550 கிலோமீற்றரில் சுற்றுவதால் அந்தச் சிக்கல் அவற்றில் இல்லை.

கார்ட், டிஸ்க், பஸ்

கலியாண வீடு எடுக்கும் ஸ்ரூடியோக்காரருக்கு இந்தக் கணக்கு நேரடியாகத் தொழிலில் வரும். 4கே வீடியோவை 100 எம்பிபிஎஸ்ஸில் பதியும் கமரா செக்கனுக்கு 12.5 மெகாபைட் எழுதுகிறது. கார்ட்டில் வட்டத்துக்குள் 10 என்ற அடையாளம் மட்டும் இருந்தால் அது உறுதி தருவது செக்கனுக்கு 10 மெகாபைட். 10 என்பது 12.5ஐ விடக் குறைவு. தாலி கட்டும் நேரம் கமரா தானாக நின்றால் காரணம் இதுவாக இருக்கலாம். வி30 அல்லது யு3 அடையாளம் உள்ள கார்ட் 30 மெகாபைட்டுக்கு உறுதி. கார்ட்டின் முகப்பில் பெரிதாகப் போட்டிருக்கும் 100, 150 போன்ற எண்கள் வாசிக்கும் வேகம். பதிவதற்கு அதைப் பார்த்துப் பயனில்லை.

இரண்டு கமரா, 3 மணித்தியாலம்: மணிக்கு 45 ஜிபி வீதம் 270 ஜிபி. யுஎஸ்பி 2இல் 480 எம்பிபிஎஸ் என்பார்கள். பிரித்தால் 60 மெகாபைட், நடைமுறையில் 30 அளவு. பிரதி எடுக்க இரண்டரை மணித்தியாலம். உள்ளே நீல நாக்குள்ள யுஎஸ்பி 3 போர்ட்டில் 5 ஜிபிபிஎஸ்; 8 பிட்டை 10 பிட்டாக மாற்றி அனுப்புவதால் இதை 10ஆல் பிரிக்க வேண்டும், உச்சம் 500 மெகாபைட். சுழலும் ஹார்ட் டிஸ்க் 100 அளவில்தான் எழுதும் என்பதால் 45 நிமிடம்.

இதை யாழ்ப்பாணத்தில் எடிட் செய்பவருக்கு 10 எம்பிபிஎஸ் அப்லோட்டில் ஏற்றினால் 60 மணித்தியாலம். டிஸ்க்கைச் சுற்றிக் கட்டி கிளிநொச்சியில் பஸ்ஸில் கொடுத்துவிட்டால் பயணம் 2 மணித்தியாலம், இரண்டு பக்கமும் பிரதி எடுக்க ஒன்றரை. மூன்றரை மணித்தியாலத்துக்கு 270 ஜிபி என்பது 171 எம்பிபிஎஸ். அப்லோட் அந்த அளவுக்கு வரும்வரை பஸ்ஸில் கொடுப்பதே சரி. ஆனால் மூலப் பிரதி ஒன்று ஸ்ரூடியோவில் இருந்தாக வேண்டும்.

முறைப்பாடு செய்யுமுன்

உண்மையிலேயே வேகம் குறைவு என்றால் முறைப்பாடு செய்யத்தான் வேண்டும். வெறுமனே "ஸ்லோவா இருக்கு" என்று சொன்னால் ரவுட்டரை நிறுத்திப் போடச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். எண்ணோடு போங்கள்.

லப்டொப்பைக் கேபிளால் ரவுட்டரில் செருகி, வைபையை நிறுத்தி, லிங்க் ஸ்பீட் 1000 என்று உறுதிசெய்துவிட்டுச் சோதியுங்கள். வீட்டில் வேறு எந்தப் போனும் அந்த நேரம் இணைந்திருக்கக் கூடாது. விடிய 6 மணி, மத்தியானம், இரவு 9 மணி என்று மூன்று வேளையும், குறைந்தது மூன்று நாளுக்கு எடுங்கள். ஒவ்வொரு தரமும் திகதி, நேரம், டவுன்லோட், அப்லோட், பிங், எந்த ஊர் சேர்வர் என்பதை எழுதுங்கள். அலகை எம்பிபிஎஸ் என்று முழுதாக எழுதுங்கள், எம்பி என்று மட்டும் விட வேண்டாம். 4ஜி என்றால் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் எண்களையும் சேருங்கள். டேட்டா மீதி எவ்வளவு இருந்தது என்பதும் வேண்டும், இல்லாவிட்டால் "டேட்டா முடிஞ்சு வேகம் குறைஞ்சிருக்கும்" என்ற பதிலோடு முடித்துவிடுவார்கள். சோதனையே டேட்டா தின்னும் என்பதை மறவாதீர்கள்: 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 15 செக்கன் இறக்கினால் கிட்டத்தட்ட 190 மெகாபைட்.

உங்கள் பக்கேஜ் விபரத்தில் வேகத்துக்குப் பக்கத்தில் "வரை" என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்த எண் உச்சம் மட்டுமே. ஆனால் மூன்று வேளையும், விடிய 6 மணிக்கும்கூட, அதில் கால்வாசி வராத இணைப்பை அந்தச் சொல்லைக் காட்டித் தட்டிக்கழிக்க விடக் கூடாது. கம்பனி தரும் முறைப்பாட்டு இலக்கத்தை அதே தாளில் எழுதி வையுங்கள். பதில் வராமல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுத வேண்டி வந்தால், அந்தத் தாளின் பிரதியையும் பக்கேஜ் விபரத்தையும் கடைசி பில்லையும் சேர்த்து அனுப்புங்கள்.